சக்கரம் வழியே வந்த வெளிச்சம்

1881 அக்டோபரில் லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே ஓடிய ‘பியாட்ரிஸ்’ என்னும் புல்மன் பெட்டியில், முன்கூட்டியே மின்னேற்றிய சேமக்கலங்களைக் கொண்டு மின்விளக்குகள் எரிந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெட்டியின் அச்சோடு வார்ப்பட்டையால் பிணைத்த டைனமோவைச் சுழற்றி, ஓட்டத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் முறையை லண்டன் டெப்ட்போர்டைச் சேர்ந்த ஸ்டோன் நிறுவனம் பரப்பியது, பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளிலும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் நெடுங்காலம் உதவியது இதே தத்துவம்தான். உள்ளங்கை அகலமே உள்ள மாதிரி ரயில் பெட்டியில் டைனமோவுக்கு இடமில்லை. எஞ்சினை ஓட்டுவதற்காகத் தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தையே அதன் விளக்கும் பெற வேண்டியிருந்ததால், உருள்வதற்கென அமைந்த சக்கரத்தின் மீது மின்சாரத்தை ஏந்தி வரும் வேலையும் சேர்ந்தது.

தொடக்கக் காலத்தில் இது எளிதாகவே இருந்தது. ஜோஷுவா லயனல் கோவன் நியூயார்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனம், 1906 முதல் மூன்று தண்டவாளப் பாதையை விற்றது. நடுத்தண்டவாளம் மின்சாரத்தைக் கொண்டுவர, இரு ஓரத் தண்டவாளங்களும் அதைத் திருப்பி அனுப்பும் வழியாயின. ஆகவே பெட்டியின் அடியில் ஓர் உருளையைத் தொங்கவிட்டு நடுத்தண்டவாளத்தைத் தொடச் செய்தாலே விளக்கு எரிந்தது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் இம்முறையைக் கைவிடாமல், 1950-களில் நடுத்தண்டவாளத்தை அகற்றிக் குறுக்குக்கட்டைகளின் நடுவே சிறு உலோகக் குமிழ்களைப் பதித்தது.

உண்மைப் பாதையில் நடுத்தண்டவாளம் இல்லை என்பதே ஆர்வலர்களின் மனக்குறையாக இருந்தது. 1935-இல் மில்வாக்கியில் உருவான அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கம் வகுத்த தரங்களும் துணைசெய்ய, 87-இல் ஒரு பங்கு அளவில், 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும் எச்.ஓ. வகையில் இரு தண்டவாள முறை வேரூன்றியது. பெட்டி விளக்கின் உண்மையான சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நேர்மின் ஒரு தண்டவாளத்திலும் எதிர்மின் மற்றொன்றிலும் இருப்பதால், இரு உலோகச் சக்கரங்களும் ஓர் உலோக அச்சும் சேர்ந்தாலே மின்குறுக்கு ஏற்படும். அதைத் தடுக்க ஒவ்வோர் அச்சிலும் ஒரு சக்கரத்தை மின்கடத்தாப் பொருளால் பிரித்தார்கள்.

இதிலிருந்து ஒரு நுட்பமான தீர்வு பிறந்தது. பேச்சுவழக்கில் பெட்டியையே ‘போகி’ என்பதுண்டு. இங்கே அச்சொல் பெட்டியைத் தாங்கித் திரும்பும் சக்கரச் சட்டத்தை மட்டும் குறிக்கிறது. முன் போகியின் அச்சுகளை வலத் தண்டவாளத்தோடும், பின் போகியின் அச்சுகளை இடத் தண்டவாளத்தோடும் இணையும்படி பூட்டினால், பித்தளைப் போகி ஒவ்வொன்றும் ஒரு மின்முனையாகிவிடும். ஓர் அச்சைத் திருப்பிப் பூட்டினாலும், தரை உலோகமாயிருந்து போகியின் திருகு அதைத் தொட்டாலும் மின்குறுக்கு நேரும் என்பதால், திருகின் கீழ் ஒரு நார்த்தகட்டு வளையம் இன்றியமையாததாயிற்று.

1960-இல் டூபாண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டெல்ரின் போன்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்குகளில் செய்த போகிகள் மிக எளிதாக உருண்டன. ஆனால் அவை மின்சாரத்தைக் கடத்தவில்லை. எனவே பாஸ்பர் வெண்கலத்தாலான மெல்லிய வில்தகட்டைப் போகியில் பொருத்தி, சக்கரத்தையோ அச்சையோ வருடும்படி செய்ய வேண்டியதாயிற்று. வில் தளர்ந்தால் விளக்கு சிமிட்டும், இறுகினால் சக்கரம் நின்றுவிடும்; பத்துப் பெட்டிகளின் உராய்வு சேர்ந்தால் சிறிய எஞ்சின் ஏற்றத்தில் திணறும். தேர்ந்தவர்கள் வில்லின் நுனியைச் சக்கர விளிம்பில் வைக்காமல் அச்சின் மீது வைத்ததற்குக் காரணம் உண்டு: அச்சு மெலிதாக இருப்பதால் அதே அழுத்தம் அங்கே சுழற்சியை மிகக் குறைவாகவே தடுக்கிறது. இத்தொழிலில் கைத்திறன் வெளிப்படும் இடம் இதுவே.

கோதுமை மணி அளவிலான இழைபல்புகள் எரிந்த காலத்தில் இன்னொரு குறையும் இருந்தது. வேகத்தைக் கூட்டக் குறைக்கத் தண்டவாள மின்னழுத்தமே மாற்றப்பட்டதால், நிலையத்தில் வண்டி நிற்கும்போது, பெட்டி ஒளிர வேண்டிய அந்த நேரத்திலேயே அது இருண்டது. 1990-களில் தரமாக ஏற்கப்பட்ட டி.சி.சி. என்னும் எண்ணியல் முறையில் தண்டவாளத்தில் முழு மின்னழுத்தம் எப்போதும் இருப்பதால் அக்குறை நீங்கியது. அதன் மின்சாரம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுவதால், நான்கு டையோடுகளைக் கொண்ட பாலத்திருத்தி அதை ஒருதிசையாக்கி எல்.இ.டி.க்கு அளிக்கிறது. சூடான இழை கணநேரத் தடங்கலை மறைத்துவிடும், எல்.இ.டி. அப்படி மறைப்பதில்லை. தண்டவாளத்தின் ஒவ்வொரு தூசியும் ஒளித்துடிப்பாகத் தெரிவதால், மின்தேக்கி ஒன்றையும் இணைப்பது வழக்கமாயிற்று.

ஆனாலும் மின்தேக்கி சில நொடிகளுக்கே ஈடுகொடுக்கும்; மின்சாரம் இன்றும் வில்லின் வழியேதான் வர வேண்டும். வேலை முடிந்த பெட்டியைச் சற்றே சரிந்த தண்டவாளத்தில் வைத்துக் கையை எடுக்கிறார்கள்: விளக்கு எரிய, பெட்டி தானே உருண்டு சென்றால் வில் சரியாக அமைந்துள்ளது, நின்றுவிட்டால் அதை மீண்டும் தளர்த்த வேண்டும்.