கியுராசோவில் ஓர் உடன்பாடு

சதுரங்கத்தில் வஞ்சனைக்கு இடமில்லை என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். காய்கள் யாவும் கண்முன்னே நிற்கின்றன. மறைப்பதற்குச் சீட்டுமில்லை, உருட்டுவதற்குத் தாயமுமில்லை. ஆயினும், பலகையின்மேற் செய்யமுடியாத வஞ்சனையைப் பலகைக்கு வெளியே செய்தல் கூடும். 1962ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்று.

உலக வீரர் பொட்வின்னிக்குடன் பொருதும் உரிமை எவருக்கு என்பதைத் தீர்மானிக்க, அவ்வாண்டு கரிபியன் தீவாகிய கியுராசோவில் எண்மர் கூடினர். ஒவ்வொருவரும் ஏனைய எழுவருடனும் நான்கு முறை ஆடவேண்டும் என்பது ஏற்பாடு. எண்மருள் ஐவர் சோவியத் நாட்டினர். அவர்களுள் பெட்ரோசியன், கெல்லர், கெரெஸ் ஆகிய மூவரும் தமக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றியே முடிந்தன. பிறர் வெப்பத்தில் வாடிப் போராடுகையில், இம்மூவரும் ஆளுக்கு எட்டு ஆட்டங்களில் இளைப்பாற வழி கிடைத்தது. முடிவில் பெட்ரோசியன் 17½ புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். மற்றிருவரும் 17 புள்ளிகள் பெற்றனர். பத்தொன்பது வயது அமெரிக்கர் பொபி பிஷர் 14 புள்ளிகளுடன் நான்காமிடத்தில் நின்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டில், ருஷ்யர் கூடிப்பேசி முடிவுகளை அமைக்கின்றனர் என்று பிஷர் அமெரிக்கச் சஞ்சிகையொன்றிற் குற்றஞ்சாட்டினார். இதனைப் பனிப்போர்ப் பிரசாரமென ஒதுக்கிவிடுதல் எளிது. தொழிற்சாலைகளிலும் பாடசாலைகளிலும் சதுரங்கத்தை வளர்த்த ஒரு சமுதாயத்தின் சாதனையை மதித்த நம் போன்றோர்க்கு அது இன்னும் எளிது. ஆனால் சோவியத் குழுவின் தலைவராகச் சென்ற அவர்பாக் என்பவரே, அத்தகைய உடன்பாடு இருந்ததென 2002இல் ஒப்புக்கொண்டார். உண்மையைச் சொல்பவர் நம்மவரா, மாற்றாரா என்று பார்த்து அதனை ஏற்பதும் மறுப்பதும் அறிவுடைமையன்று.

பிஷரின் கூற்றும் முழுதும் நியாயமானதன்று. உடன்பாடு மூவருடையது, பழியோ ஒரு நாட்டின்மேல் விழுந்தது. சோவியத் வீரரான கொர்ச்னோயும் அவ்வுடன்பாட்டுக்குப் புறம்பாய் நின்று நட்டமடைந்தவரே. மேலும், மூன்றரைப் புள்ளி பின்தங்கிய பிஷரின் தோல்விக்கு அவ்வுடன்பாடு ஒன்றே காரணமென்று கொள்ளவியலாது.

பரிகாரம் யாது? இருவர் ஆட்டத்தைச் சமமாக முடித்துக்கொள்ளுதல் விதிக்கு முரணன்று. முன்கூட்டியே பேசிவைத்ததை நிரூபித்தலோ அரிது. எனவே உலகச் சதுரங்கச் சம்மேளனம் போட்டியின் அமைப்பையே மாற்றியது. 1965 முதல் இருவர் இருவராக மோதி, தோற்றவர் விலகும் முறை வந்தது. எதிரே இருப்பவரை வென்றாலன்றி மேற்செல்ல இயலாதென்ற நிலையில், மூவர் கூடி இளைப்பாறுவதாற் பயனென்ன? அம்முறையில் 1965இல் வென்றவர் சோவியத் வீரர் ஸ்பாஸ்கி. 1971இல் வென்றவர் பிஷர். நேர்மையான விதி இரு தரப்பாருக்கும் வழிவிட்டது.

ஊழலைக் கண்டவிடத்து நாம் மனிதரின் ஒழுக்கத்தைப் பழித்து ஓய்ந்துவிடுகின்றோம். ஒழுக்கம் வேண்டற்பாலதே. ஆனால் வஞ்சனைக்கு இலாபம் தரும் அமைப்பை அப்படியே விட்டுவைத்து, மனிதரை மட்டும் திருந்தச் சொல்லுதல் பயன் தராது. கியுராசோ நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.