நாலு நிமிஷ சாம்பியன்

கால்பந்துல தோக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்லை. வாரா வாரம் யாராவது தோத்துக்கிட்டுதான் இருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து, ஞாயித்துக்கிழமை பூரா யார்கிட்டயும் பேசாம கிடந்துட்டு, திங்கக்கிழமை ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போற ஜென்மங்கள் உலகம் முழுக்க உண்டு. ஆனா ஜெயிச்சுட்டோம்னு மைதானத்துக்குள்ள ஓடி, முன்னபின்ன தெரியாதவங்களைக் கட்டிப்பிடிச்சு அழுது, வாணவேடிக்கை எல்லாம் விட்டு முடிச்சு, அதுக்கப்புறம் தோத்தவங்க யாராவது உண்டா?

உண்டு. ஜெர்மனியில கெல்சன்கிர்ஷன்ங்கிற ஊர்ல. 2001 மே 19, சனிக்கிழமை.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாருமே அந்தக் கடைசி நாலு நிமிஷத்தை மட்டும் சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கென்னவோ விஷயம் அதுக்கு முந்தின சனிக்கிழமையே முடிஞ்சுபோச்சுன்னுதான் தோணுது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஊரைப் பத்திக் கொஞ்சம். கெல்சன்கிர்ஷன் ரூர் பகுதியில இருக்கிற நிலக்கரிச் சுரங்க ஊர். அதுல ஒரு பேட்டையோட பேரு ஷால்கே. 1904-ல ஆரம்பிச்ச கிளப்புங்கிறதால ஷால்கே 04. ரசிகர்கள் செல்லமா 'க்னாப்பன்'னு கூப்பிடுவாங்க, சுரங்கத் தொழிலாளிகள்னு அர்த்தம். அப்பன் சுரங்கத்துல, புள்ள சுரங்கத்துல, சனிக்கிழமையானா ரெண்டு பேரும் மைதானத்துல... இதுதான் அந்த ஊரு. 1934-ல இருந்து 1942 வரைக்கும் ஆறு தடவை தேசிய சாம்பியன். ஏழாவது தடவை 1958-ல. ஆனா பன்டெஸ்லிகான்னு இப்ப நாம சொல்ற லீக் ஆரம்பிச்சதே 1963-லதான். அதாவது பன்டெஸ்லிகாவை ஷால்கே ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை. 2001-ல அந்த ஊரு தேசிய சாம்பியன் பட்டத்தைப் பாத்து 43 வருஷம் ஆகியிருந்தது. 58-ல அப்பா தோள்ல உக்காந்து ஊர்வலம் பாத்த பையன் தாத்தாவாகியிருப்பான்.

அந்த 2000-01 சீசன் ஒரு விசித்திரமான சீசன். யாருக்குமே கப் வேண்டாம் போலிருக்கேன்னு நினைக்கிற அளவுக்கு எல்லா பெரிய அணியும் தோத்துக்கிட்டே இருந்தது. கடைசியில சாம்பியன் ஆன பேயர்ன் மியூனிக் 34 மேட்சுல 9 தோத்தாங்க. ஷால்கே தோத்தது 8. அதோட பேயர்னை ரெண்டு மேட்சுலயும் அடிச்சவங்க ஷால்கே. உள்ளூர்ல 3-2. ஏப்ரல்ல மியூனிக்குக்கே போய் 3-1, மூணு கோலும் டென்மார்க்காரர் எபே சாண்ட். இப்படி ஒரு அணி எப்படிய்யா கப்பை விட்டுச்சு?

மே 12-க்கு வருவோம். இன்னும் ரெண்டே ரெண்டு ரவுண்டு. ரெண்டு அணிக்கும் 59 பாயிண்ட், கோல் வித்தியாசத்துல ஷால்கே முதலிடம். ஷால்கே அன்னிக்கு ஸ்டுட்கார்ட்ல ஆடுறாங்க. ஸ்டுட்கார்ட் அப்ப கீழ் டிவிஷனுக்குப் போயிடாம இருக்கத் தவிச்சுக்கிட்டிருந்த அணி. பேயர்ன் மியூனிக்ல கைசர்ஸ்லாட்டர்னோட ஆடுறாங்க. 89 நிமிஷம் முடிஞ்சப்போ ஸ்டுட்கார்ட்ல 0-0, மியூனிக்ல 1-1. அப்படியே விசில் ஊதியிருந்தா ரெண்டு பேருக்கும் 60, கோல் வித்தியாசத்துல ஷால்கேதான் மேல. கடைசி ரவுண்டுல சொந்த மண்ணுல ஜெயிச்சா போதும், பேயர்ன் கோல் மழை பொழிஞ்சாலொழிய கப் கெல்சன்கிர்ஷனுக்கு.

விசில் ஊதலை. மியூனிக்ல மாத்து ஆட்டக்காரரா வந்த சிக்லர் ஒரு கோல் அடிச்சார். கிட்டத்தட்ட அதே நேரம் ஸ்டுட்கார்ட்ல பல்கேரியாக்காரர் பலகோவ் ஒண்ணு போட்டார். ரெண்டும் கடைசி நிமிஷத்துல. பேயர்ன் 62, ஷால்கே 59. ஒரு நிமிஷத்துல மூணு பாயிண்ட் பள்ளம். ஷால்கே ரசிகன் உண்மையிலயே துக்கம் கொண்டாட வேண்டிய சனிக்கிழமை இதுதான்னு நான் சொல்வேன். ஆனா பாருங்க, இந்தத் தோல்வியை யாரும் படமா எடுக்கலை, புத்தகமா எழுதலை. சாதாரணத் தோல்வி மாதிரி இருந்ததால மறந்தே போச்சு.

அடுத்த சனிக்கிழமை கடைசி ரவுண்டு. ஷால்கே ஜெயிக்கணும், பேயர்ன் ஹாம்பர்க்ல தோக்கணும். அப்பதான் வழி. பேயர்னுக்கு டிரா போதும்.

ஷால்கேவோட எதிரணி யாரு? உன்டர்ஹாஹிங். மியூனிக்கை ஒட்டின குட்டி ஊரு. இவங்களுக்கு ஒரு முன்கதை உண்டு. சரியா ஒரு வருஷத்துக்கு முன்னாடி, 2000 மே 20, லெவர்குசன் அணி ஒரு டிரா பண்ணினா சாம்பியன்கிற நிலைமையில இவங்க மைதானத்துக்கு வந்து, 0-2 தோத்து, கப்பைத் தூக்கி பேயர்ன் கையில கொடுத்துட்டுப் போச்சு. அதே உன்டர்ஹாஹிங் இப்ப ஷால்கே முன்னாடி நிக்குது, தப்பிச்சு மேல் டிவிஷன்ல இருக்கணுமேங்கிற வெறியோட.

சொல்லி வச்ச மாதிரி 26 நிமிஷத்துல 2-0ன்னு முன்னாடி போயிட்டாங்க. இடைவேளைக்கு முன்னாடி ரெண்டு நிமிஷத்துல ஷால்கே ரெண்டு போட்டு 2-2. அப்புறம் மறுபடி 2-3. யோர்க் பெமே அடுத்தடுத்து ரெண்டு கோல், 4-3. கடைசியில சாண்ட் ஒண்ணு, 5-3. பார்க்ஸ்டேடியன்ல நடந்த கடைசி பன்டெஸ்லிகா மேட்ச் அது, 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டின மைதானம். 65,000 பேர் ரேடியோவைக் காதுல வச்சுக்கிட்டு ஹாம்பர்க் என்னாச்சு ஹாம்பர்க் என்னாச்சுன்னு கிடக்காங்க.

90-வது நிமிஷம் ஹாம்பர்க்ல பார்பரெஸ் தலையால முட்டி கோல். ஹாம்பர்க் 1, பேயர்ன் 0.

அவ்வளவுதான், பார்க்ஸ்டேடியன் வெடிச்சது. ஷால்கே மேட்ச் முடிஞ்சது, ஜனம் வேலியைத் தாண்டி உள்ள வந்தது. ஹாம்பர்க்ல ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு ஒரு டிவி நிருபர் ஷால்கே மேனேஜர்கிட்ட சொல்ல, அது தீ மாதிரி பரவிருச்சு. மேல வாணம், கீழ அழுகை. கோச் ஹூப் ஸ்டீவன்ஸ்ல இருந்து சுருட்டும் கையுமா சுத்துற நிர்வாகி ரூடி அஸாவர் வரைக்கும் சாம்பியன்கள்.

ஆனா ஹாம்பர்க்ல ஆட்டம் முடியலை. நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, டேட்டாபேஸ்ல கமிட் ஆகறதுக்கு முன்னாடியே திரையில 'வெற்றி'ன்னு காட்டிட்டாங்க. ரேஸ் கண்டிஷன்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இந்த மேட்சைத்தான் உதாரணம் சொல்வேன்.

ஹாம்பர்க் தடுப்பாளர் உஃபலுஷி காலை நீட்டித் தட்டின பந்து அவங்க கோல்கீப்பர் ஷோபர்கிட்ட போச்சு. ஷோபர் கையில எடுத்தார். ரெஃப்ரி மார்குஸ் மெர்க் விசில். 1992-க்கு முன்னாடியா இருந்தா இது ஒரு விஷயமே இல்லை. 1990 உலகக் கோப்பையில ஆளாளுக்கு கோல்கீப்பர்கிட்ட பந்தைத் தள்ளித் தள்ளி நேரத்தைக் கொன்ன கடுப்புல கொண்டுவந்த விதி இது. சக ஆட்டக்காரர் வேணும்னே காலால கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையால தொடக்கூடாது, தொட்டா எதிரணிக்கு இன்டைரக்ட் ப்ரீ கிக். உஃபலுஷி வேணும்னு கொடுத்தாரா, பந்தைப் பறிக்கப் போனதுல தானா உருண்டு போச்சான்னு கேட்டா இன்னிக்கும் சண்டை வரும். என்னைக் கேட்டா, அந்த நிலைமையில பந்தைக் காலால உதைச்சு கேலரிக்கு அனுப்பியிருக்கணும். கோல்கீப்பருக்குக் கைதான முதல்ல போகும், என்ன பண்றது.

இதுல கொடுமை, ஷோபர் ஷால்கே ஆள். அங்க வளர்ந்து, அந்த ஒரு சீசனுக்கு ஹாம்பர்க்குக்கு இரவலாப் போனவர். அவர் வேணும்னு பண்ணியிருப்பார்னு பேசறதெல்லாம் சுத்த மொக்கை. தன் சொந்த கிளப் கப் வாங்கறதை யாராவது கெடுப்பாங்களா?

ப்ரீ கிக் கோலுக்கு ரொம்பப் பக்கத்துல. ஹாம்பர்க் ஆளுங்க மொத்தப் பேரும் கோல் முன்னாடி சுவரு. பேயர்ன் கோல்கீப்பர் ஓலிவர் கான் தன் கோலை விட்டுட்டு இங்க வந்து ஆளுங்களைத் தள்ளிக்கிட்டு நிக்கறார். எஃபன்பர்க் லேசாத் தட்டிவிட, ஸ்வீடன்காரர் பாத்ரிக் ஆண்டர்சன் அடிச்சார். ஒரு தடுப்பாளர். பேயர்னுக்காக அவர் அடிச்ச ஒரே கோல் அதுதான். அந்தக் கால் இடுக்கு, இந்தக் கால் இடுக்குன்னு எப்படியோ புகுந்து பந்து வலையில. 1-1. கான் ஓடிப்போய் கார்னர் கொடியைப் பிடுங்கிக்கிட்டு மல்லாக்கப் படுத்துட்டார்.

கெல்சன்கிர்ஷன்ல பெரிய திரையில இது நேரலையாத் தெரியுது. ரீப்ளேன்னு நினைச்சு சிரிச்சவங்களும் உண்டு. அப்புறம் ஒவ்வொரு மூஞ்சியா மாறுது. வீடியோவை நான் எத்தனையோ தடவை பாத்துட்டேன், கோலைவிட அந்த மூஞ்சிங்கதான் மனசுல நிக்குது. பெரிய பெரிய ஆளுங்க, மீசை வச்ச ஆளுங்க, புல்தரையில உக்காந்து அழறாங்க. பேயர்ன் 63, ஷால்கே 62. இனிமே கால்பந்துக் கடவுளை நம்ப மாட்டேன்னு அஸாவர் சொன்னது அன்னிக்குத்தான். 5-3 தோத்த உன்டர்ஹாஹிங்கும் கீழ் டிவிஷனுக்குப் போச்சு, அதை யாரும் கண்டுக்கவே இல்லை.

மூணாவது சனிக்கிழமையும் உண்டு. மே 26, பெர்லின்ல ஜெர்மன் கோப்பை ஃபைனல். ஷால்கே 2-0ன்னு யூனியன் பெர்லினை அடிச்சாங்க, ரெண்டும் பெமே. ஒரு வாரம் முன்னாடி அழுத அதே ஆளுங்க கையில ஒரு கோப்பை. அடுத்த வருஷமும் அதே கோப்பையை வாங்கினாங்க. ஆனா லீக் கப் மட்டும் கிட்டவே வரலை. 2007-ல மறுபடி கடைசிக்கு முந்தின ரவுண்டு வரைக்கும் முதலிடம். பரம எதிரி டார்ட்முண்ட்கிட்ட போய் 0-2 தோத்து விட்டாங்க. தேதி என்ன தெரியுமா? மே 12. ஸ்டுட்கார்ட் சாம்பியன் ஆனது மே 19. இதையெல்லாம் கதையில எழுதினா 'யோவ், ரீல் விடாதே'ம்பாங்க.

அதுக்கப்புறம் இறக்கம்தான். 2018 டிசம்பர்ல பக்கத்து ஊரு போட்ராப்ல ஜெர்மனியோட கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை மூடினாங்க. 2020 ஜனவரியில இருந்து ஷால்கே லீக்ல தொடர்ந்து 30 மேட்ச் ஜெயிக்கவே இல்லை, இன்னும் ஒண்ணு போயிருந்தா 1965-66 டாஸ்மேனியா பெர்லினோட மட்டமான சாதனையைத் தொட்டிருப்பாங்க. 2021-ல கீழ் டிவிஷன், 2022-ல மேல, 2023-ல மறுபடி கீழ.

ஷோபர் என்ன ஆனார்? ராஸ்டாக்ல ஆறு சீசன் ஆடிட்டு 2007-ல ஷால்கேவுக்கே திரும்பி வந்தார், ரிசர்வ் கோல்கீப்பரா. ஆட்டத்தை நிறுத்தினப்புறம் அங்கயே இளைஞர் பிரிவுல பசங்களை வளர்க்கிற வேலை. பார்க்ஸ்டேடியனை இடிச்சு, அந்த இடத்துல சின்னதா ஒரு மைதானம் போட்டாங்க. பழைய விளக்குக் கம்பத்துல ஒண்ணை மட்டும் அப்படியே விட்டு வச்சிருக்காங்க.