காவிரிப் பாசன நாட்டில் சைக்கிள் உறுப்புகளின் தரபேதம்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

இக்காலத்தில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் உற்பத்தியாகும் சைக்கிள் உறுப்புகள், தார்ச்சாலைக்கு ஒரு வம்சம், மலைப்பாதைக்கு மற்றொரு வம்சம் என்று இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் அதமம் முதல் உத்தமம் வரை படிப்படியாக வகுக்கப்பட்டு, படிக்கொரு பெயர் சூட்டப்பட்டுக் கடைத்தெருவுக்கு வருகின்றன. இந்தப் பாகுபாட்டின் வயது அரை நூற்றாண்டுக்குச் சற்று முன்பின் என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கு நெடுநாள் முன்பிருந்தே தஞ்சைத் தரணியில் சாலை, வரப்பு, ஆற்றங்கரை ஆகிய மூன்றிலும் ஒரே வண்டி ஓடிற்று. அவ்வண்டியின் உறுப்புகளைத் தரம் பிரிக்கவும் ஒரு முறை இருந்தது. அந்த முறை காலக்கிரமத்தில் எவ்வாறு உருவாயிற்று என்பதையும், பின்னர் வந்த மேனாட்டுத் தரவரிசையோடு அதை எவ்வாறு ஒத்துப் பார்க்கலாம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். உறுப்பின் தரம் கியர்களின் எண்ணிக்கையில் இல்லை, உலோகத்தின் பதத்திலும் அதைக் கழற்றிச் செப்பனிட முடிவதிலும் இருக்கிறது என்ற இப்பிரதேசத்தின் பழைய தீர்ப்பு, இன்றைக்கும் செல்லுபடியாகத் தக்கது என்பது என் துணிபு.

முதலில் பூமியின் இயல்பைக் கவனிக்க வேண்டும். கல்லணைக்குக் கிழக்கே வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளைத்துக் கடலை நோக்கி மெல்லச் சரியும் இந்நிலத்தில் மலையேற்றம் என்பதே கிடையாது. ஆயினும் சமபூமி என்பதனால் சவாரி சுலபம் என்று எண்ணிவிடலாகாது. களத்திலிருந்து நெல் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆற்றங்கரை மேட்டில் ஏற்றுகிறவனுக்கு அந்தப் பத்து முழச் சரிவே பர்வதம். ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று, கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்கு வருகிறவனைப் பாதி வழியில் இறங்கித் தள்ளச் செய்யும். சம்பா நடவின்போது வண்டற்சேறு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழ்க்கோடியில், நாகப்பட்டினம், வேதாரணியம் பக்கத்தில், உப்புக்காற்று செயினையும் ஸ்போக்குகளையும் தின்னும். மலைச் சைக்கிளுக்கு என்னென்ன சோதனைகள் உண்டோ அவற்றுள் ஏற்றம் ஒன்று நீங்கலாக ஏனையவெல்லாம் இங்கே உண்டு.

இந்தச் சோதனைகளுக்கு ஈடுகொடுத்தது ஆங்கிலேய ரோட்ஸ்டர். 1885-இல் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டியும், 1888-இல் டன்லப் கண்ட காற்றடைத்த டயரும் சேர்ந்து உண்டாக்கிய அமைப்பு, சில பத்தாண்டுகளில் 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்குகள், காட்டர் பின் வைத்த கிராங்க், கம்பி பிரேக் என்று நிலைபெற்றது. அந்தக் கம்பி பிரேக்கின் நுட்பம் பலரும் கவனியாதது. இன்றைய சைக்கிள்களில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கிறது. ஆகையால் ரிம் சிறிது கோணினாலும் உராய்கிறது. ரோட்ஸ்டரிலோ கட்டை ரிம்மின் உட்புறத்தை நோக்கி மேலே இழுக்கப்படுகிறது. பக்கவாட்டில் ஓரளவு கோட்டம் விழுந்தாலும் சக்கரம் தடையின்றிச் சுழலும். மாட்டுவண்டித் தடத்திலும் வரப்பிலும் விழுந்தெழுகிற வண்டிக்கு இது எவ்வளவு பெரிய அனுகூலம்! மழையில் அதன் பிடிப்பு குறையும் என்பது மெய்யே. ஆனால் இந்நாட்டில் நீண்ட இறக்கம் இல்லை.

இறக்குமதிக் காலத்தில் தரவரிசை கம்பெனிப் பெயரை அனுசரித்தே இருந்தது. நாட்டிங்ஹாமின் ராலே, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. ஆகியவை உயர்வாக மதிக்கப்பட்டன. 1910-இல் பர்மிங்ஹாமில் தொடங்கப்பட்ட ஹெர்குலிஸ், சாமான்யர்க்கு எட்டும் விலையில் ஏராளமாகச் செய்வது என்ற கொள்கையால் வளர்ந்தது. வண்டி முழுவதும் ஒரே ஆலையின் கைவேலையாக இருந்தமையால், உறுப்பை உறுப்பாகப் பிரித்துத் தரம் பேச வேண்டிய அவசியம் அக்காலத்தில் அதிகம் எழவில்லை.

அவசியம் எழுந்தது சுதேசி உற்பத்தியினால். 1930-களின் இறுதியில் பம்பாயில் ஹிந்த் சைக்கிள்ஸ் தோன்றிற்று. சுதந்திரத்திற்குப் பின்னர், முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஸ்தாபனமும் கூடி 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸை நிறுவ, 1951-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் உற்பத்தியாகத் தொடங்கின. அடுத்த ஆண்டுகளில் இந்த ஆலையைச் சுற்றி உறுப்புகளுக்கெனத் தனித்தனி ஸ்தாபனங்கள் எழுந்தன: 1955-இல் ஆவடியில் எஃகுக் குழாய்க்கு ஒன்று, 1960-இல், அமெரிக்க டயமண்ட் கம்பெனியின் ஒத்துழைப்போடு, செயினுக்கு ஒன்று. வங்காளத்தில் ஆசன்சோலை அடுத்து சென்-ராலே ஆலை ராலே வண்டிகளைச் செய்தது. பிரிவினைக்குப் பின் லூதியானாவில் குடியேறி உதிரிப்பாக வியாபாரத்தில் இறங்கிய முஞ்சால் சகோதரர்கள் 1956-இல் ஹீரோ சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். முப்பதே ஆண்டுகளில், 1986-இல், அது உலகிலேயே மிக அதிக சைக்கிள் செய்யும் ஸ்தாபனமாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

லூதியானாவின் விசேஷம் முழு வண்டியைவிட உறுப்புகளில்தான் அதிகம். அங்கே சிறு பட்டறைகளில் செய்யப்பட்ட கப், கோன் (பேரிங் குண்டுகள் ஓடும் தடங்கள்), அச்சு, பெடல், ப்ரீவீல் எல்லாம் நாடெங்கும் பரவின. இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் குறிப்பிட வேண்டும். சுதேசி ரோட்ஸ்டர்களின் அளவுகள் பெரும்பாலும் ஆங்கிலேய முன்மாதிரியையே பின்பற்றியவை. அதனால் உறுப்புகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன. உருவம் ஒன்று, குணம் வேறு. தரபேதம் கண்ணுக்குத் தெரியாமல் உலோகத்துக்குள்ளே ஒளிந்துகொண்டபோது, அதை வெளிக்கொணரும் வேலை கடைவீதி மெக்கானிக்கின் தலையில் விழுந்தது.

அவருடைய பரீட்சை எளியது, ஆனால் தப்பாதது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெல்லச் சுழற்றிவிடுவார். பேரிங் நன்றாயிருந்தால், வேகம் தணிந்தபின் வால்வு உள்ள பக்கம் தன் சிறு கனத்தினாலேயே கீழே இறங்கி, இருபுறமும் சிலமுறை ஊசலாடி நிற்கும். கோன் அதிகம் இறுகியிருந்தாலோ, கப் குழி விழுந்திருந்தாலோ, சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும். பிறகு ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். குண்டுகள் ஓடிய தடம் கண்ணாடிபோல மின்னினால் எஃகு பதம் பெற்றது. அத்தடத்தில் அம்மைத் தழும்புபோலச் சிறு பள்ளங்கள் இருந்தால், மேற்பரப்புக்குப் போதிய கடினம் ஏறவில்லை. மேல்தோல் கடினமாகவும் உள்ளே உறுதி கெடாமலும் எஃகைப் பதப்படுத்துவது செலவுள்ள காரியம். மலிவுச் சரக்கில் முதலில் குறைக்கப்படுவது அதுவே. முன் ஹப்புக்கு 3/16 அங்குலம், பின் ஹப்புக்கு 1/4 அங்குலம் என்ற கணக்கில் குண்டுகளை மாற்றி, புது கிரீஸ் வைத்து, ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக் கொடுப்பதே ஓவராயில் எனப்பட்டது. இந்தப் பரீட்சையின் அடிப்படையில் எழுந்த தரவரிசையே டெல்டாவின் தரவரிசை. வண்டி எந்தக் கம்பெனியுடையதாயினும், செயின் இன்னாருடையது, ப்ரீவீல் இன்னாருடையது என்று உறுப்புக்கு உறுப்பு மதிப்பிடும் வழக்கம் வேரூன்றிற்று. மேல்நாட்டார் பிற்காலத்தில் அடைந்த இந்தத் தெளிவை இக்கடைகள் முன்னதாகவே அடைந்திருந்தன என்பேன்.

பாரம் சுமப்பது இந்தத் தரவரிசையை இன்னும் கூர்மையாக்கிற்று. அறுபது கிலோவுக்கு அருகிலான நெல் மூட்டையோ, வாழைத்தார்களோ, பால் கேன்களோ ஏறும் வண்டியில் பின் அச்சும் கேரியரும் ஸ்டாண்டுமே உயிர்நிலை. அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அளித்த ஊக்கத்தால் ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் பலர், குழந்தையை உட்காரவைக்கப் பார் உதவும் என்று ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள் என்பது, பாரம் சுமக்கும் அமைப்புக்கு இம்மக்கள் கொடுத்த மதிப்புக்கு நல்ல சான்று.

இனி மேனாட்டுக் கதை. பந்தயச் சாலை வண்டிக்கு உயர்ந்த உறுப்புகளைச் செய்து புகழ்பெற்றது, 1933-இல் இத்தாலியின் விசென்சாவில் டுல்லியோ காம்பக்னோலோ தொடங்கிய ஸ்தாபனம். 1921-இல் ஜப்பானின் சகாய் நகரில் ப்ரீவீல் செய்யத் தொடங்கிய ஷிமானோ, 1973-இல் டூரா-ஏஸ் என்ற தொகுதியை வெளியிட்டு அதற்குப் போட்டியாயிற்று. மலைச் சைக்கிளின் உற்பத்தி ஸ்தானமோ கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலை. அங்கே 1970-களில் வாலிபர்கள் பருத்த டயர் கொண்ட பழைய ஒற்றைக் கியர் வண்டிகளை மேலேற்றி, செங்குத்தான மண்பாதையில் இறக்கினார்கள். ஒவ்வோர் இறக்கத்திலும் ஹப் பிரேக்கின் கிரீஸ் வெந்து புகைய, மறுபடி கிரீஸ் வைக்க வேண்டியிருந்தது. 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ரீபேக் என்ற பெயர் வந்த காரணம் அதுவே. கனத்த ஒற்றைக் கியர் வண்டியும் ஹப்பில் கிரீஸும்: நம் ரோட்ஸ்டருக்குத் தூரத்துப் பங்காளியிலிருந்துதான் மலைச் சைக்கிள் பிறந்தது. 1982-இல் ஷிமானோ டியோர் எக்ஸ்டி என்ற மலைத் தொகுதியை வெளியிட்டபோது வம்சங்கள் இரண்டும் முறையாகப் பாகம் பிரிந்தன.

2020-களின் தொடக்கம் வரையில் ஷிமானோவின் சாலை வரிசை கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்று உயர்ந்தது. மலை வரிசை ஆல்டஸ், அசேரா, அலிவியோ, டியோர், எஸ்.எல்.எக்ஸ்., எக்ஸ்டி, எக்ஸ்டிஆர் என்று உயர்ந்தது. டியாக்ராவை டியோருக்கும், 105-ஐ எஸ்.எல்.எக்ஸ்ஸுக்கும், அல்டெக்ராவை எக்ஸ்டிக்கும், டூரா-ஏஸை எக்ஸ்டிஆருக்கும் ஏறத்தாழ நேராக வைக்கலாம். மேற்படிகளில் ஏறும் பணம் எடைக்குறைப்புக்கும், டைட்டானியம், கார்பன் முதலியவற்றுக்கும் செல்கிறதேயன்றி ஆயுளுக்கு அவ்வளவாகச் செல்வதில்லை. கீழ்ப்படிகளிலிருந்து நடுப்படிக்கு ஏறும்போதுதான் மூட்டுகளின் தேய்மானமும் சேறு புகாத காப்பும் வெகுவாகச் சீர்படுகின்றன. ஆகவே பந்தயம் ஓடாதவனுக்கு மத்திமமே உத்தமம்.

இந்நுணுக்கம் எதுவும் தெரிவிக்கப்படாமலே கியர் வண்டிகள் டெல்டாவுக்கு வந்தன. 1990-களில் ஹெர்குலிஸ் எம்.டி.பி. போன்ற பருத்த டயர் வண்டிகள் பள்ளிப் பிள்ளைகளின் மனத்தைக் கவர்ந்தன. அவற்றில் பல ஒற்றைக் கியர் வண்டிகளே. பின்னர் கியர் ஏறியபோது, ஏறியவை பெரும்பாலும் கடைசிப் படி உறுப்புகள். தகட்டை மடித்துச் செய்த கியர் மாற்றிகள் ஒரு நடவுப் பருவத்துச் சேற்றுக்கே தளர்ந்தன. கியர் என்றாலே தொல்லை என்ற அபிப்பிராயம் இதனால்தான் ஊன்றியது. அது கியரின் மீது சொல்லத்தக்க குற்றமன்று. படியின் மீது சொல்லத்தக்கது. ஆடிக் காற்றில், ஏறக்குறைய இரண்டரைக்கு ஒன்று என்ற ஒரே விகிதத்தில் மிதித்துத் திணறும் ரோட்ஸ்டர்க்காரனுக்குக் கியரின் பயன் மலைவாசிக்குக் குறைந்ததன்று.

ஆனால் எந்தப் படியைத் தேர்வது என்ற கேள்விக்கு இங்கே விசேஷமான விடை உண்டு. ரோட்ஸ்டர் செயினின் உள்ளகலம் சுமார் 3.2 மில்லிமீட்டர்; பதினொரு பல்சக்கர வண்டியில் அது சுமார் 2.2. பல்சக்கரங்கள் பெருகப் பெருக இடைவெளி சுருங்கி, சேற்றுக்கும் கேபிளின் சிறு தளர்ச்சிக்கும் பொறுமை குறைகிறது. மேலும், ஒன்பது பல்சக்கரம் வரையில் ஷிமானோவின் சாலைவகைக் கியர் நெம்புகோலும் மலைவகைப் பின் கியர் மாற்றியும் பொதுவாக ஒன்றுக்கொன்று பொருந்தின. பத்திலிருந்து கேபிள் இழுப்பின் அளவு வேறாகி அந்த வசதி போயிற்று. ஆகையால் எட்டு அல்லது ஒன்பது பல்சக்கரங்களோடு கூடிய நடுப்படி மலைவகை உறுப்புகளே, திருவாரூர், மன்னார்குடி முதலிய ஊர்களில் உதிரிப்பாகத்துக்குப் பட்டணத்தை எதிர்நோக்க வேண்டியவர்க்குத் தகுந்தவை.

ஹப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏனைய கம்பெனிகள் பெரும்பாலும் கழற்றி எறிந்து மாற்றும் முழுப் பேரிங்குக்கு மாறிவிட்ட பின்னும், ஷிமானோ தன் டூரா-ஏஸ் ஹப்பில்கூடக் கப், கோன், தனிக் குண்டுகள் என்ற பழைய அமைப்பையே கைவிடாமல் வைத்திருக்கிறது. தேய்மானத்தைக் கோனைத் திருகியே சரிக்கட்டலாம், குண்டுகளை மட்டும் மாற்றலாம். கியர் சரிசெய்வதற்கு வேண்டிய சாவிகள் இல்லாத கீழவீதி மெக்கானிக்கும், இந்த ஒரு விஷயத்தில் அந்த உத்தம உறுப்பைத் தம் பழைய கோன் ஸ்பேனரைக் கொண்டே கழற்றி, கழுவி, தடத்தின் மினுமினுப்பைப் பார்த்துத் தரம் சொல்லக் கூடும்.