எலிகளின் நந்தவனம்

போதைக்கு அடிமையானவனைப் பற்றி ஒரு காலத்தில் எல்லோரும் நம்பிய கதை மிகச் சுருக்கமானது. மருந்து உள்ளே போயிற்று, மனிதன் தொலைந்தான். கதை எழுதுகிறவர்களுக்கும் இது ரொம்ப வசதி. வில்லனுக்குப் பதிலாக ஒரு புட்டியை வைத்துவிட்டால் தீர்ந்தது!

1960-களில் இந்தக் கதைக்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. அமெரிக்க ஆராய்ச்சிசாலைகளில் எலியின் இரத்தக் குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்திக் கூண்டில் விட்டார்கள். உள்ளே ஒரு நெம்புகோல். அமுக்கினால் மார்பியா நேரே உடம்புக்குள் இறங்கும். எலி அமுக்கிற்று, மறுபடியும் மறுபடியும் அமுக்கிற்று. "பார்த்தீர்களா மருந்தின் சக்தியை!" என்றார்கள். அவர்கள் கூண்டைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் ப்ரூஸ் அலெக்ஸாண்டர். கானடாவில் வான்கூவரை ஒட்டியுள்ள ஸைமன் ப்ரேஸர் சர்வகலாசாலையின் மனோதத்துவப் பேராசிரியர். ஹெராயினுக்கு ஆட்பட்டவர்களோடு பேசிப் பழகியவர். எலியோ கூட்டத்தோடு வாழும் பிராணி. அதைத் தன்னந்தனியே அடைத்துவிட்டு, அது மயக்கத்தைத் தேடுகிறது என்று குறை சொல்லலாமா? தனிச் சிறையில் கிடப்பவனை வைத்து ஊரில் நடமாடுகிறவனை எடை போடுவது போல அல்லவா இது?

1970-களின் இறுதியில் அவரும் சகாக்களும் எலிகளுக்கென்று ஒரு பூங்கா கட்டினார்கள். சாதாரணக் கூண்டைப்போல் 200 மடங்கு தரைப்பரப்பு. பலகைச் சுவர்களில் காட்டுக் காட்சி தீட்டியிருந்தது. (எலி சித்திரத்தை ரசிக்குமா என்று கேட்காதீர்கள், கட்டியவர்களுக்கும் கொஞ்சம் உற்சாகம் வேண்டாமா?) தரையில் மரச்சீவல்; ஒளிந்து விளையாடத் தகர டப்பாக்கள், பெட்டிகள். ஆணும் பெண்ணுமாக 16 முதல் 20 எலிகள் அங்கே குடித்தனம் நடத்தின.

ஒரு பக்கம் வெறும் தண்ணீர். மறு பக்கம் மார்பியா கலந்தது. மார்பியா கசக்கும், ஆகையால் சர்க்கரையும் போட்டார்கள். கூண்டு எலிகள் தாராளமாகக் குடித்தன. பூங்கா எலிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒரு கட்டத்தில் கூண்டுக்காரர்கள் குடித்தது பூங்காக்காரர்கள் குடித்ததைப்போல் 19 மடங்கு!

"பூங்கா எலிகளுக்கு அந்த ருசிதான் பிடிக்கவில்லையோ என்னவோ?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். நலாக்ஸோன் என்று ஒரு மருந்து உண்டு. மார்பியாவின் மயக்கத்தை அது முறித்துவிடும். அதையும் சேர்த்துக் கலந்து வைத்தபோது அதே எலிகள் தித்திப்பு நீரைக் குடித்தன! தித்திப்பு வேண்டும், மயக்கம்தான் வேண்டாம். சுற்றமும் விளையாட்டும் உள்ளவனுக்கு மயங்கிக் கிடக்க ஏது பொழுது?

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது இன்னொரு சோதனை. 57 நாட்கள் மார்பியா நீரைத் தவிர வேறொன்றும் கொடுக்காமல் பழக்கப்படுத்திய எலிகளைப் பூங்காவுக்கு மாற்றினார்கள். அவையும் பெரும்பாலும் வெறும் தண்ணீரையே நாடின.

எலிகள் இருக்கட்டும், மனிதர்கள்? வியத்நாம் யுத்தத்தில் சிப்பாய்கள் ஹெராயினில் மூழ்கியிருக்கிறார்கள் என்று 1971-இல் அமெரிக்கா நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற பெண்மணி கணக்கெடுத்தார். அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார்; ஆனால் நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் 100-க்கு 5 பேர்தான். யுத்தகளமும் ஒரு கூண்டுதானே!

அலெக்ஸாண்டருக்கு மாலை மரியாதை நடந்ததா என்றால், இல்லை. இரண்டு பெரிய விஞ்ஞானப் பத்திரிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1978-இல் வேறொரு பத்திரிகையில் அது வெளிவந்தது. பிறகு சர்வகலாசாலை தந்த பண உதவியும் நின்றது. 1996-இல் வெளியான மறு சோதனையில் அதே முடிவு கிடைக்கவுமில்லை. எலி வளர்ப்பவர்கள் இடையில் இனத்தை மாற்றியிருக்கலாம் என்று ஒரு சமாதானம் உண்டு. ஒரே ஒரு பூங்காவை வைத்து முழுத் தீர்ப்பும் எழுதிவிட முடியாதுதான்.

ஆனால் கேள்வி சாகவில்லை. 2018-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து விஞ்ஞானிகள் எலிக்கு இரண்டு நெம்புகோல்கள் வைத்தார்கள். ஒன்றை அமுக்கினால் போதை மருந்து. மற்றதை அமுக்கினால் ஒரு கதவு திறக்கும். அப்பால் இன்னோர் எலி. எலிகள் கதவைத்தான் திறந்தன. கதவு திறக்கத் தாமதமானாலோ, தோழனைத் தேடும்போது காலில் மின்சாரம் பாய்ந்தாலோ, மெல்ல மருந்தின் பக்கம் திரும்பின.