விரையாமையும் வெகுளாமையும்: தமிழ் வகுப்பறையில் ஆசிரியர் குரலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆசிரியரின் குரலும் தொனியும் மாணவரின் கற்றலைத் தீர்மானிக்கும் காரணிகளுள் அடங்கும். தமிழ் மரபில் இக்கருத்தினை நன்னூலின் பொதுப்பாயிரம் இலக்கணமாகவே வகுத்துரைத்துள்ளது. அவ்விலக்கணத்தை ஆசிரியரின் தனிப்பட்ட ஒழுக்கமாக மட்டும் கொள்ளாமல், கற்பிக்கும் இடத்தோடும் மாணவர் எண்ணிக்கையோடும் இணைத்துப் பொருள்கொள்ள வேண்டும் என்பதை, திண்ணைப் பள்ளி முதல் இன்றைய நெடுஞ்சாலையோர வகுப்பறை வரையிலான வரலாற்றின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நன்னூல், பாடஞ்சொல்லல், திண்ணைப் பள்ளி, சென்னை முறை, ஆசிரியர் குரல், வகுப்பறை இரைச்சல்

முன்னுரை

கல்வியில் எழுத்துக்கு முன்பே ஒலி இடம்பெற்றுவிடுகிறது. மாணவன் செவியையே வாயாகக் கொண்டு பாடத்தை உண்ண வேண்டும் என நன்னூல் உருவகிப்பது இதனாலேயாகும். செவி வாயானால், ஆசிரியரின் குரலே ஊட்டும் கையாகிறது. அக்கை எவ்வாறு இயங்க வேண்டும், எச்சூழலில் இயங்கியது என்னும் இரு வினாக்களும் ஒருங்கே ஆராயத்தக்கன.

நன்னூல் வகுத்த தொனி

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலினது வரலாறு, ஆசிரியனது வரலாறு, பாடஞ்சொல்லலினது வரலாறு, மாணாக்கனது வரலாறு, பாடங்கேட்டலினது வரலாறு என ஐந்து பகுதிகளை உடையது. இவற்றுள் பாடஞ்சொல்லல் பற்றிய நூற்பா, ஆசிரியன் விரையாமலும் வெகுளாமலும் விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும் கற்பிக்க வேண்டும் என்கிறது. விரையாமை பேச்சின் வேகத்தையும், வெகுளாமை அதன் தொனியையும் சுட்டுவனவாகக் கொள்ளலாம். இவற்றைத் தொடர்ந்து, கொள்வோனின் ஏற்கும் திறனறிந்து அவன் உள்ளம் கொள்ளுமாறு கற்பித்தல் கூறப்படுகிறது. எனவே, குரலின் பண்பு கேட்பவனை நோக்கியே அளவிடப்படுகிறது.

இங்கு நூற்பாவின் வைப்புமுறை கருதத்தக்கது. விரையாமைக்கும் வெகுளாமைக்கும் முன்னதாகவே, கற்பித்தற்கு உரிய காலத்தையும் இடத்தையும் நன்கு ஆராய்தல் வைக்கப்பட்டுள்ளது. இடம் பொருந்திய பின்னரே தொனி பேசப்படுகிறது. இவ்வைப்புமுறையின் பொருளைப் பிற்காலக் கல்வி வரலாறு தெளிவுறுத்துகிறது.

திண்ணைப் பள்ளியின் ஒலி

திண்ணைப் பள்ளியில் மேலோங்கி ஒலித்தது மாணவரின் குரலே. ஒருவன் முன்நின்று உரக்கச் சொல்ல, ஏனையோர் தொடர்ந்து சொல்லும் 'முறை சொல்லுதல்' வழக்கிலிருந்தது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் இவ்வாறே நெஞ்சில் பதிந்தன. திண்ணைப் பள்ளியின் கணக்குக் கல்வியை ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கு நினைவாற்றல் என்பது கற்றலுக்குரிய கருவி மட்டுமன்று, கற்றல் முறையே அதுதான் எனக் காட்டியுள்ளார். இளையோரை மேற்பார்க்கும் பணியைச் சட்டாம்பிள்ளை ஏற்றமையால், ஆசிரியர் இடைவிடாது பேச வேண்டிய தேவை எழவில்லை.

மாணவர் எண்ணிக்கையும் இதற்குத் துணைநின்றது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய விவரங்களின்படி, மாகாணத்தில் பள்ளிகளும் உயர்கல்விக் கூடங்களும் சேர்ந்து 12,498 இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். சராசரியாக ஓரிடத்திற்குப் பதினைவர். பதினைவர் அமர்ந்த திண்ணையில் குரலை உயர்த்தாமலேயே கற்பிக்க இயலும்.

எனினும் வெகுளாமை அங்கு நிலவியது எனக் கூறுதற்கில்லை. பிரம்பும் கோதண்டம் போன்ற தண்டனைகளும் திண்ணைப் பள்ளியின் அன்றாடமாக இருந்தன. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அக்காலப் பள்ளியின் முறை சொல்லுதலையும் பிரம்படியையும் ஒருசேரப் பதிவு செய்துள்ளது. இலக்கணம் விதித்த தொனிக்கும் நடைமுறைக்கும் இடையிலான இவ்விலகலை மறைத்து மரபைப் போற்றுதல் ஆய்வுநெறி ஆகாது.

எழும்பூர்ச் சோதனை

1789இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறார் காப்பகத்தின் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் காப்பகத்திற் புகுத்த உதவி ஆசிரியர்கள் முன்வராத நிலையில், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் 'சென்னை முறை' இவ்வாறு உருப்பெற்றது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின்வழி அது பிரிட்டனில் அறிமுகமாகி, பின்னர்ப் பரவலாயிற்று. பெல் உடல்தண்டனையைத் தவிர்க்க விழைந்தார். குற்றங்களைக் குறிப்பேட்டில் பதிந்து, மாணவர் குழுவே விசாரிக்குமாறு செய்தார். குரல் பலரிடம் பகிரப்பட்டபோது அதட்டலின் தேவையும் குறையக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கைக்குப் பின், அரசு மானியமும் ஆய்வாளர் மேற்பார்வையும் பெற்ற பள்ளிகள் பெருகின. வயதாலும் தரத்தாலும் பிரிக்கப்பட்ட வகுப்புகளில் ஓராசிரியர் முன்நின்று அனைவருக்கும் ஒருசேரப் பேசும் முறை நிலைபெற்றது. திண்ணையிலும் எழும்பூரிலும் பலர் பகிர்ந்த குரற்சுமை ஒரு தொண்டைக்கு மாறியது.

நெடுஞ்சாலையோர வகுப்பறை

பெல் பணியாற்றிய எழும்பூரின் வடபுறமாகச் செல்லும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை, மேற்கே மதுரவாயலைக் கடந்து வேலப்பன்சாவடியை அடைகிறது. அதனை அடுத்தது நூம்பல். திருவேற்காட்டிற்கும் பூவிருந்தவல்லிக்கும் அண்மையில், புறநகராக மாறிவரும் இத்தகைய ஊர்களின் வகுப்பறைகளில், நன்னூல் முதலில் வைத்த 'இடம்' என்னும் கூறு புதிய பொருள் பெறுகிறது.

இரைச்சலின் நடுவே பேசுவோர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். பாடவேளையில் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதலாகும். கனரக வாகனங்கள் ஓயாது செல்லும் சாலையோரத்தில், சாளரங்கள் திறந்தும் மின்விசிறிகள் சுழன்றும் இருக்கும் வகுப்பறையில் இவ்வளவைப் பேணுதல் அரிது. ஆசிரியரின் குரல் உயர்கிறது. உயர்ந்த குரல், சினம் இல்லாதபோதும் சினந்த குரலாகவே மாணவர் செவியில் விழக்கூடும். நாள்தோறும் உயர்த்தும் குரல் நாளடைவில் கரகரக்கிறது. ரோஜர்சன், டாட் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி பத்து வயதுடைய 107 சிறார், தெளிவான குரலில் கேட்ட பகுதியைவிடப் பழுதுற்ற குரலில் கேட்ட பகுதியைக் குறைவாகவே புரிந்துகொண்டனர். பழுது சிறிதாயினும் பாதிப்பு காணப்பட்டது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்தண்டனையோடு மன உளைச்சல் தருதலையும் தடைசெய்கிறது. கடுஞ்சொல்லும் அதட்டலும் மன உளைச்சலாக மாறும் எல்லையில், வெகுளாமை இன்று சட்டத்தின் எதிர்பார்ப்பும் ஆகிறது. அச்சட்டம் தொடக்கக் கல்வியில் முப்பது மாணவர்க்கு ஓராசிரியர் என்னும் விகிதத்தையும் வகுத்துள்ளது. இவ்விரு விதிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை.

முடிவுரை

நன்னூல் விதித்த தொனி ஆசிரியரின் மனப்பண்பால் மட்டும் அமைவதன்று. சிறிய குழுவாயினும் பிரம்பு ஆண்ட இடத்தில் அது நிலைக்கவில்லை என்பதைத் திண்ணைப் பள்ளி காட்டுகிறது. மனம் விரும்பினும், இரைச்சல் மிகுந்த இடத்தில் அது நிலைக்காது என்பதை நெடுஞ்சாலையோர வகுப்பறை உணர்த்துகிறது. ஆசிரியர் கல்வியியல் பாடத்திட்டத்தில் குரற்பயிற்சியும், பள்ளிக் கட்டட அமைப்பில் ஒலித்தடுப்பும் ஒருங்கே இடம்பெற வேண்டும். காலத்தையும் இடத்தையும் முதலில் ஆராய்க என்ற பவணந்தியாரின் வைப்புமுறை, வெகுளாதே என ஆசிரியரிடம் கூறுவதற்கு முன்னர், வெகுளாமல் கற்பித்தற்குரிய இடத்தை அவருக்கு அளிக்கும் கடமையைச் சமூகத்தின்மீது சுமத்துகிறது.