கடல் கடந்து வந்த காகிதப்பூ

தென் அந்தமானில், போர்ட் பிளேர் நகருக்கு அண்மையில் அமைந்துள்ள சிற்றூர் சிப்பிகாட். 2024ஆம் ஆண்டு முதல் அந்நகர் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் பூண்டுள்ளது. சிப்பிகாட்டின் அரசுப் பண்ணை கிராம்பு, சாதிக்காய், இலவங்கப்பட்டை, மிளகு ஆகிய நறுமணப் பயிர்களுக்குப் பெயர் பெற்றது. பசிபிக் தீவுகளிலிருந்து கொணர்ந்த தென்னை வகைகளும் இவ்வூரில் நடப்பெற்றன. வேற்று மண்ணில் பிறந்த பயிர்கள் வேரூன்றிய இடம் இது. ஆதலின், அயல்நாட்டுப் பூஞ்செடி ஒன்றின் வரலாற்றை இவ்வூரை நினைவிற்கொண்டு ஆராய்வது பொருத்தமேயாகும். அச்செடி நாம் காகிதப்பூ என்று வழங்கும் பூகன்வில்லா.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. 1766ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லூயி அந்துவான் தெ பூகன்வில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவருடன் சென்ற தாவரவியலறிஞர் பிலிபேர் காமெர்சன் 1767ஆம் ஆண்டில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இச்செடியைக் கண்டு, தம் தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். அவருக்கு உதவியாளராக இருந்தவர் ஜான் பாரே என்னும் பெண்மணி. பிரெஞ்சுப் போர்க்கப்பல்களில் பெண்டிர் செல்லலாகாது என்ற விதி இருந்தமையால், அவர் ஆணுடை தரித்தே கப்பலேறினார். அக்காலத்தில் காமெர்சன் கால்நோயால் நலிந்திருந்தார். எனவே செடியை முதலில் பறித்த கை பாரே அம்மையாருடையதாகவே இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். உலகை வலம்வந்த முதற் பெண்மணி என்ற புகழ் அவருக்கு உரியது. எனினும் 2012ஆம் ஆண்டில்தான், சுண்டைக்காயின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடிக்கு அவர் பெயர் இடப்பெற்றது.

காமெர்சன் 1773ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவில் மறைந்தார். அவர் இட்ட பெயரை 1789ஆம் ஆண்டில் ஜுசியூ என்னும் அறிஞர் நூலில் ஏற்றி நிலைபெறச் செய்தார். பின்னர் ஐரோப்பியக் கண்ணாடி மனைகளில் வளர்ந்த இச்செடி, 1860ஆம் ஆண்டளவில் கல்கத்தாவை வந்தடைந்தது என்பர். அந்நகரில் 1820ஆம் ஆண்டில் வில்லியம் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இதன் பல வகைகளைப் பேணிப் பரப்பியது. இன்று நம் நாட்டுச் சாலையோரங்களிலும் இரயில் நிலையங்களிலும் இது காணப்படாத ஊர் அரிது.

நாம் மலர் என்று கருதும் வண்ணப் பகுதி உண்மையில் இலையேயாகும். மூன்று வண்ண இலைகளின் நடுவே, ஊசி போன்று மெலிந்த மூன்று வெண்மலர்கள் ஒடுங்கியிருக்கக் காணலாம். மணம் இன்மையால் தமிழர் இதனைக் கூந்தலில் சூடுவதில்லை. வழிபாட்டிற்கும் பெரும்பாலும் கொள்வதில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த துலுக்கச் சாமந்தி மாலைகளில் ஏறிவிட்டது. காகிதப்பூவோ வேலியோரத்தில் நின்றுவிட்டது.

இனி, இதனை அந்தமானில் வளர்க்கும் முறையைக் காண்போம். இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே முதல் டிசம்பர் வரை மண்ணில் ஈரம் குறைவதில்லை. காகிதப்பூவோ சற்றே வாடினாலன்றிப் பூப்பதில்லை. மழைக்காலத்தில் அது முள்ளும் இலையுமாகவே மண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட நாட்களில்தான் வண்ணம் காட்டும். எனவே மேட்டுப் பாத்தியில், நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் நடவேண்டும். மழை ஓய்ந்ததும் கிளைகளைக் கழித்துவிட்டு, நீரைக் குறைத்தல் நலம். உரம் மிகுந்தால் இலையே மிகும். முற்றிய குச்சிகளை மணல் கலந்த மண்ணில் ஊன்றி, நிழலில் வைத்துப் புதுச் செடிகளைப் பெறலாம்.

உப்புக் காற்றைத் தாங்குவது இதன் தனிச்சிறப்பு. அதன் பயனைச் சிப்பிகாட்டில் நன்குணரலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தால் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வடிந்த பின்னரும் சிப்பிகாட்டின் தாழ்ந்த வயல்களைவிட்டுக் கடல்நீர் அகலவில்லை. நெல் விளைந்த இடங்கள் சதுப்பாயின, தென்னைகள் பட்டுநின்றன. எனினும் காகிதப்பூ தாங்குவது உப்புக் காற்றையே. வேரில் தேங்கும் உப்புநீரை அன்று. கடலுக்குள் அமிழ்ந்த நிலத்தை மீட்க இச்செடியால் இயலாது. கரை ஓரத்து மேட்டு நிலத்தில் வீட்டுத் தோட்டத்தைக் காக்கவே இது துணைபுரியும்.

அயற்செடிகள் யாவும் இத்தகைய நல்விருந்தினர் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தாவிற்குக் கொணரப்பட்ட உன்னிச்செடி, பறவைகள் உண்ணும் பழங்களால் பரவி, இந்தியக் காடுகளின் பெரும்பரப்பைக் கவர்ந்துகொண்டது. தோட்டத்துக் காகிதப்பூ வகைகள் பெரும்பாலும் நம் நாட்டில் விதை பிடிப்பதில்லை. நட்ட இடத்தைவிட்டு அகல்வதுமில்லை. அந்தமானிலோ ஆங்கிலேயர் விட்ட புள்ளிமான் காட்டுக் கன்றுகளை மேய்ந்து அழிக்கிறது. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் வந்ததாகக் கூறப்படும் ஆப்பிரிக்கப் பெருநத்தை தோட்டங்களைப் பாழாக்குகிறது.

தாயகத்திலிருந்து கப்பலேறும் நம்மவர், ஊர் நினைவாகச் செடிகளைக் கொணர்வது இயல்பு. ஆயின் வேரோடு ஒட்டிய ஒரு பிடி மண்ணிலே நத்தையின் முட்டையும் களையின் விதையும் மறைந்திருக்கக்கூடும். எனவே மண்ணோடு எதனையும் கொணர்தல் தகாது. வேளாண் துறையினரைக் கலந்து, தீவிலேயே கிடைக்கும் குச்சியை நட்டு வளர்ப்பதே அறிவுடைமை. நம்மை ஏற்றுக்கொண்ட மண்ணுக்கு நாம் செய்யத்தக்க சிறு கடமையும் அதுவேயாகும்.