காத்திருந்த தொண்டும் கற்ற தொண்டும்

போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. இடம்பெயர்ந்துபோன ஆசிரியர்களில் பலர் திரும்பவில்லை. புதிய நியமனங்களும் வேண்டிய அளவுக்கு வரவில்லை. உயர்தரம் சித்தியடைந்த ஊர்ப்பிள்ளைகளும் வேலை கிடையாத பட்டதாரிகளும் அந்த வகுப்புகளைப் பொறுப்பேற்றார்கள். சம்பளம் இல்லை. பெற்றோரோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ எப்போதாவது கொடுத்த சிறுதொகைதான் கைக்கு வந்தது. இவர்களே தொண்டர் ஆசிரியர்கள். வைத்தியசாலைகளிலும் சுகாதாரப் பணிமனைகளிலும் இதேபோல் உழைத்தவர்கள் சுகாதாரத் தொண்டர்கள் எனப்பட்டார்கள்.

அதே ஆண்டுகளில், அதே வயதுப் பிள்ளைகளிலிருந்து இன்னொரு கூட்டமும் எழுந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கோயில் மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் அகதி முகாம்களாயின. சோறும் பாயும் கொடுக்கப் பலர் இருந்தார்கள். நித்திரை கொள்ளாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் இருக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படி இருக்கக் கற்றுக்கொண்டவர்களை இங்கே உளசமூகத் தொண்டர்கள் என்று அழைக்கிறேன்.

ஒரே மண்ணில், ஒரே துன்பத்தில் பிறந்த இந்த இரண்டு தொண்டுகளும் பிழைப்புக்குரிய தொழிலாக மாற முயன்றன. முயன்ற வழிகள் வேறு, கிடைத்த பலன்களும் வேறு. சமூகப்பணியைத் தொழிலாகக் கொள்ள எண்ணும் இன்றைய இளையோர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அதை ஊர் முழுக்க அறியும். தொண்டர் ஆசிரியர்களும் சுகாதாரத் தொண்டர்களும் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்தார்கள். மாகாண அலுவலகங்களின் வாசலில் வெயிலிலும் மழையிலும் அவர்கள் இருந்த நாட்களைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பப் படம்போட்டன. கட்டங்கட்டமாகப் பலர் நியமனம் பெற்றார்கள். பெறாமல் வயது எல்லையைத் தாண்டிப்போனவர்களும் உண்டு. நேர்முகப் பரீட்சைகளில் பெரிதும் கேட்கப்பட்டவை வரவுப் பதிவும் அதிபரின் கடிதமும். எத்தனை வருடம் நின்றாய் என்பதே கேள்வி. அந்த வருடங்களில் எதைக் கற்றாய், மெல்லக் கற்கும் பிள்ளையை எப்படி வாசிக்க வைத்தாய், தாயைப் போரில் இழந்த மாணவியை எப்படி வகுப்புக்குள் கொண்டுவந்தாய் என்று கேட்பதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடமே இருக்கவில்லை. அவர்கள் இல்லையென்றால் பல கிராமப் பள்ளிகள் மூடப்பட்டிருக்கும். அவ்வளவு பெரிய சேவையைக் காத்திருப்புக் காலமாக மட்டும் எண்ணியது அவர்களுக்கு இழைத்த அநீதி என்றே கருதுகிறேன்.

இரண்டாவது வழியில் சற்று நின்று பார்க்க வேண்டும். 1987இல் யாழ்ப்பாணத்தில் உருவான சாந்திகம், தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் உளமருத்துவத்துறை ஆகியவற்றைச் சுற்றி ஒரு பயிற்சி மரபு வளர்ந்தது. அதன் நடுவே இருந்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். அன்று குடாநாட்டில் இருந்த உளமருத்துவர்களை விரல்விட்டு எண்ணலாம். காயப்பட்ட மனங்களோ இலட்சக்கணக்கில். எனவே வைத்தியர் ஒவ்வொரு வீட்டுக்கும் போக முடியாது, ஊரிலுள்ளவர்களுக்கே அடிப்படைத் திறன்களைக் கற்றுக்கொடுப்பது ஒன்றே வழி என்ற முடிவுக்கு வந்தார்கள். அகதிகளின் மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைந்நூலை நம் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி, தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் ‘தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்’ என்ற நூலைத் தந்தார்கள். ஆசிரியர், கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், மதகுரு, இளைஞர் என்று பலரும் பயிற்சிக்கு வந்தார்கள்.

அங்கே கற்பித்தவை கேட்பதற்கு எளியவை, செய்வதற்குக் கடினமானவை. குறுக்கே பேசாமல் கேட்பது. “அழாதேங்கோ” என்று சொல்லாமல் அழவிடுவது. கேட்டதை வெளியில் சொல்லாமலிருப்பது. தன்னால் தாங்க முடியாததை அறிந்து, தற்கொலை எண்ணமுள்ளவரைக் காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் அனுப்புவது. பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சியைக்கூட அவரவர் பழக்கத்திலிருந்தே எடுத்தார்கள்: சைவருக்கு ஓங்கார உச்சரிப்பு, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரை உச்சரிக்கும் திக்ர். கணவன் காணாமற்போன வீட்டுக்குப் போகும் பிள்ளை முதலில் “அக்கா, சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும், படிவத்தை வெளியே எடுத்துவிட்டால் அந்த அக்கா அதற்குப் பிறகு பதில் மட்டுமே சொல்வார், பேச மாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டுக்குப் போய்வந்த பிறகு நடந்தது. தொண்டர்கள் கூடி, தாங்கள் சந்தித்தவர்களைப் பற்றி, பெயரை மறைத்து, அனுபவமுள்ள ஒருவர் முன்னிலையில் பேசினார்கள். எங்கே பிழைத்தது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தார்கள். அப்படி ஆராயப்பட்ட ஒவ்வொரு சந்திப்பும் ஒரு பாடமாயிற்று. அதனால்தான் 2004 டிசெம்பர் 26 அன்று கடல் பொங்கி வடமராட்சி கிழக்கின் கரையோர ஊர்களை அழித்தபோது, குடாநாட்டில் முற்றிலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. இந்த மரபில் பழகியவர்கள் சிலர் பின்னர் உளவளத்துணையாளர்களாகவும் தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்களாகவும் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள்.

உலகில் சமூகப்பணி தொழிலான வரலாறும் இதே தடத்தில்தான் போகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தரும அமைப்பொன்றில் 1889இல் உதவிப் பொருளாளராகச் சேர்ந்த மேரி ரிச்மண்ட், ஏழை வீடுகளுக்குத் தொண்டராகவும் போய்வந்தார். நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்று வாதாடினார். 1898இல் நியூயோர்க்கில் கோடைகாலப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதுவே பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிக் கல்லூரியாக வளர்ந்தது. சென்னையில் கில்ட் ஒஃப் சேர்விஸ் என்ற தொண்டமைப்பில் உழைத்த மேரி கிளப்வாலா ஜாதவ், அந்த அனுபவத்திலிருந்தே 1952இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரியை உருவாக்கினார். தொண்டர் சங்கம் கல்லூரியைப் பெற்றது; கல்லூரி தொழில்முறைப் பணியாளரைப் பெற்றது. கொழும்பிலும் அதே 1952இல் சமூகப்பணிப் பயிற்சி தொடங்கியது. அதன் வழிவந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய உருவம் பெற்று, 2005 முதல் சமூகப்பணிப் பட்டப்படிப்பை நடத்துகிறது. ஆனால் அது இருப்பது கொழும்புப் பக்கத்தில். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தொண்டருக்கும் கொழும்புக்கும் இடையே இருந்த தூரத்தை இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

இப்படிச் சொல்வதால் உளசமூகத் தொண்டே முழு வெற்றி என்று எவரும் கொள்ளக்கூடாது. அதன் குறை மறுபக்கத்தில் இருந்தது. வேலை இருந்தது, பயிற்சி இருந்தது, நிலையான பதவி இல்லை. சம்பளம் வெளிநாட்டு நிதியில் ஓடிய திட்டங்களிலிருந்து வந்தது. திட்டம் முடிந்த மாதத்தில் சம்பளமும் முடிந்தது. 2009இல் போர் முடிந்து, ஆற்றுப்படுத்தல் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், வன்னியில் உளசமூகத் திட்டங்களுக்கு அனுமதி பெறுவதே பெரும்பாடாயிற்று. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உதவியாளர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூகசேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பதவிகள் உண்டு. நீதிமன்றத்தோடு இணைந்து இயங்கும் நன்னடத்தை உத்தியோகத்தரும் உண்டு. அவற்றுக்குள் நுழையப் பெரும்பாலும் கல்வித் தகைமையும் போட்டிப் பரீட்சையும் வேண்டும். வீடுவீடாக ஏறி இறங்கிய பத்து வருட அனுபவத்துக்கு அங்கே பெறுமதி சொற்பம்.

ஆக, அரசு வழியில் வருடங்கள் எண்ணப்பட்டன, திறன் எண்ணப்படவில்லை. தொண்டு நிறுவன வழியில் திறன் வளர்ந்தது, வருடங்கள் எங்கும் பதியப்படவில்லை. ஒருவர் வீதியில் இருந்து நியமனம் பெற்றார், பயிற்சி பெறாமல். மற்றவர் பயிற்சி பெற்றார், நியமனம் இல்லாமல் வெளிநாடு போனார் அல்லது வேறு வேலைக்குப் போனார். எது மேல் என்று என்னைக் கேட்டால் இரண்டாவது வழியையே சொல்வேன். நியமனக் கடிதத்தை எந்த வருடமும் அச்சடிக்கலாம். கேட்கத் தெரிந்த ஒருவரை உருவாக்கப் பல வருடம் வேண்டும். ஆனால் அப்படி உருவானவரைப் பசியோடு அனுப்பிவிடும் சமூகம் அடுத்த பேரிடரில் வெறுங்கையோடுதான் நிற்கும்.

இரண்டையும் இணைப்பது பெரிய காரியமல்ல. செய்துபழகிக் கற்ற திறனைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி தேசிய தொழிற்தகைமை முறையில் ஏற்கெனவே உண்டு. மேசனுக்கும் மின்னிணைப்பாளருக்கும் அது உதவுகிறது. அதே கண்கொண்டு தொண்டரின் அனுபவத்தையும் அளக்கலாம். சமூகப்பணி டிப்ளோமாவை யாழ்ப்பாணத்திலேயே தமிழில், மாலை வகுப்பாக, களத்தில் நிற்பவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து நடத்தலாம். மாகாண நிருவாகமும் பல்கலைக்கழகமும் மனம் வைக்க வேண்டிய காரியம் இது.

அதுவரை காத்திராமல், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சனசமூக நிலையத்துக்கோ, முதியோர் இல்லத்துக்கோ, செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ தொண்டுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். போன முதல் கிழமையே இரண்டு கேள்வி கேளுங்கள்: என் வேலையைப் பார்த்துத் திருத்துபவர் யார்? நான் செய்வதை எங்கே எழுதி வைப்பீர்கள்? இரண்டுக்கும் பதில் இருக்கும் இடத்தில் மனம்வைத்து நில்லுங்கள். பதில் இல்லையென்றால், உங்கள் நாட்குறிப்பை நீங்களே எழுதுங்கள். உங்களைத் திருத்தக்கூடிய ஒரு மூத்த பணியாளரை நீங்களே தேடிப் பிடியுங்கள்.